ஓவல் பந்தயத்தில் டிராஃப்ட் பிடிப்பதும் முந்துவதும்: புதுச்சேரி, கடலூர் ஆட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் ஸ்டியரிங் வீலும் பெடலும் வாங்கி வைத்து ஆன்லைனில் கார் பந்தயம் ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் ஃபார்முலா 1 வகை ஆட்டங்களில் தொடங்குகிறார்கள். அப்புறம் ஐரேசிங் என்ற ஆன்லைன் பந்தய ஆட்டம் மாதிரியான இடங்களில் அமெரிக்க ஓவல் (நீள்வட்டத் தட) பந்தயத்துக்கு வருகிறார்கள். வந்த வேகத்தில் ஏதோ ஒரு விபத்தில் சிக்கி, தன் மேல் என்ன தப்பு என்றே புரியாமல் மைக்கில் திட்டு வாங்குகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயமான நாஸ்கார் வகைக் கார்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

வட்டமாகச் சுற்றி வருவதுதானே? இதற்கென்று தனியாக என்ன நாகரிகம்?

டேடோனாவை எடுத்துக்கொள்வோம். 1959-இல் திறந்த தடம். ஒரு சுற்று 2.5 மைல், அதாவது சுமார் 4 கிலோமீட்டர். வளைவுகளில் 31 டிகிரி சாய்வு. டல்லடேகா இன்னும் பெரியது, 2.66 மைல், 33 டிகிரி. சாய்வு இவ்வளவு இருப்பதால் வளைவில்கூட ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கத் தேவையில்லை. 1987-இல் டல்லடேகாவில் பாபி ஆலிசனின் கார் டயர் வெடித்து, காற்றில் எழும்பி, பார்வையாளர் பக்கத்து வேலியைக் கிழித்தது. அதற்குப் பிறகு, 1988 முதல், இந்த இரண்டு தடங்களிலும் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் தகடு ஒன்றைப் பொருத்தச் சொன்னார்கள். 2019-இல் தகடு போய் வேறு வடிவக் கட்டுப்பாடு வந்தது, ஆனால் நோக்கம் அதேதான்.

இதனால் எல்லாக் கார்களுக்கும் ஏறக்குறைய ஒரே வேகம். யாரும் தனியாகப் பிரிந்து ஓட முடியாது. நாற்பது கார்கள் வரை இரண்டு, மூன்று வரிசையாக ஒட்டிக்கொண்டு மணிக்கு 300 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் போகின்றன. உங்களுக்கு முன்னும் பின்னும் இருப்பவர்கள் தரும் வேகத்தில்தான் நீங்கள் ஓடுகிறீர்கள். அவர்கள் உங்களை நம்பவில்லை என்றால் அந்த வேகம் கிடைக்காது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவதெல்லாம் அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கும் வழிகளைத்தான்.

டிராஃப்ட் உண்மையில் எப்படி வேலை செய்கிறது?

கார் வேகமாகப் போகும்போது முன்பக்கம் காற்று அழுந்துகிறது. பின்பக்கம் அழுத்தம் குறைந்த, கலங்கிய காற்று நீளமாகக் கிடக்கிறது. அந்தப் பகுதிக்குள் நுழைகிற கார் தள்ள வேண்டிய காற்று குறைவு. இப்படி ஒட்டிப் போவதுதான் டிராஃப்ட். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு எதிர்க்காற்றில் நண்பர்களோடு சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பலருக்குத் தெரியாதது இன்னொரு பாதி. முன்னால் போகிறவருக்கும் லாபம் உண்டு. அவர் காரின் பின்னால் உருவாகும் அந்த அழுத்தக் குறைவு அவரைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் வந்து அந்த இடத்தை அடைத்ததும் இழுப்பு குறைகிறது. அதனால் ஒட்டிப் போகும் இரண்டு கார்கள், தனியாகப் போகும் எந்தக் காரையும் விட வேகம். 1960-இல் ஜூனியர் ஜான்சன் டேடோனா 500 பந்தயத்தை வென்றது இப்படித்தான். அவருடைய ஷெவர்லே மற்ற முன்னணிக் கார்களைவிட மெதுவானது. வேகமான காரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் அதே வேகத்தில் ஓட முடிகிறது என்பதைப் பயிற்சியில் கண்டுபிடித்து, பந்தயம் முழுக்க அதைப் பயன்படுத்தினார்.

ஆகவே ஒருவர் பின்னால் வந்து ஒட்டினால் பதற வேண்டாம். "பின்னாடி வந்துட்டான், முந்தப் போறான்" என்று நினைத்து வளைந்து நெளிந்து ஓட்டுகிறவர் தனக்குக் கிடைக்கும் தள்ளலையே உதறிவிடுகிறார்.

நான் தொடவே இல்லை. முன்னால் போனவர் தானாகச் சுழன்றார். அது எப்படி என் தப்பாகும்?

இதுதான் புதியவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் பாதி விபத்துகள் குறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

காரின் பின்புறம் இருக்கும் ஸ்பாய்லர் மேல் காற்று அழுத்துவதால்தான் பின்சக்கரங்கள் தரையைப் பிடிக்கின்றன. நீங்கள் அவருடைய பின்பம்பருக்கு மிக அருகில் போனால் ஸ்பாய்லர் மேல் விழும் அழுத்தம் குறைகிறது. நேர்ப்பாதையில் அவருக்கு ஒன்றும் தெரியாது. வளைவுக்குள் நுழைந்து ஸ்டியரிங் திருப்பியதும் பின்பக்கம் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். இதை 'லூஸ்' என்பார்கள். தொடாமலே ஒருவரைச் சுழல விடலாம்.

உங்களுக்கும் ஒரு விலை உண்டு. முன்கார் காற்றை மறைத்துவிடுவதால் உங்கள் மூக்கில் அழுத்தம் குறைந்து, கார் திரும்ப மறுத்து வெளிச்சுவரை நோக்கிப் போகும். இது 'டைட்'. ஆக வளைவுக்குள் ஒட்டிக்கொண்டே நுழைந்தால், முன்னவர் சுழலவும் நீங்கள் சுவரில் ஏறவும் ஒரே நேரத்தில் வழி செய்கிறீர்கள்.

வளைவு வரும் முன்பே காலைக் கொஞ்சம் தளர்த்தி அரைக் கார் நீளமாவது இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து உங்கள் மூக்குக்குக் காற்று வாங்குங்கள். ஆனால் அவருடைய பின் மூலையை உரசுகிற மாதிரி நிற்காதீர்கள். முன்னவர் கார் லேசாக ஆடுவது கண்ணில் பட்டால் அது உங்களுக்கான செய்தி. உடனே இடம் கொடுங்கள்.

பின்னாலிருந்து முட்டித் தள்ளலாமா?

தள்ளலாம். அதைத்தான் பம்ப் டிராஃப்ட் என்கிறார்கள். ஆனால் எங்கே, எப்படி என்பது முக்கியம். நேர்ப்பாதையில் மட்டும், பம்பரின் நடுவில், மெதுவாகப் போய்ச் சேர்ந்து தள்ள வேண்டும். இடது மூலையில் பட்டால் அவர் கார் ஒரு பக்கம் திரும்பும், வலது மூலையில் பட்டால் மறுபக்கம். தூரத்திலிருந்து வேகமாக வந்து 'டம்' என்று மோதுவது தள்ளல் ஆகாது, அது இடி.

டேடோனாவில் முடிவுக் கோடு இருக்கும் நேர்ப்பாதை பார்க்க நேராகத் தெரிந்தாலும் நடுவில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே தள்ளுவதைப் பழகியவர்கள்கூடத் தவிர்ப்பார்கள். எதிர்ப்பக்க நேர்ப்பாதைதான் பாதுகாப்பான இடம்.

நீண்ட நேரம் ஒட்டிக்கொண்டே போனால் உங்கள் ரேடியேட்டருக்குக் காற்று போகாது. ஐரேசிங்கில் தண்ணீர் வெப்பநிலை ஏறுவதை டாஷில் பார்க்கலாம். அவ்வப்போது கொஞ்சம் பக்கவாட்டில் மூக்கை நீட்டிக் காற்று வாங்கிக்கொள்ளுங்கள். 2011 வாக்கில் நிஜப் பந்தயத்திலேயே இரண்டிரண்டு கார்களாக ஜோடி சேர்ந்து தள்ளி ஓடும் பழக்கம் உச்சத்தில் இருந்தது. அதைக் கட்டுப்படுத்தக் குளிரூட்டும் அமைப்பின் விதிகளையே மாற்றினார்கள்.

இன்னொன்று. பின்னால் வருபவர் தள்ளுகிறார் என்று தெரிந்தால் முன்னால் இருப்பவரும் தன் கடமையைச் செய்ய வேண்டும். காரை நேராக வைத்துக்கொள்ளுங்கள். தள்ளப்படும் நேரத்தில் வரிசை மாறுவது தற்கொலைக்குச் சமம்.

லைனை விட்டு வெளியே வந்து முந்தப் பார்த்தால் பத்து இடம் பின்னால் போய்விடுகிறேன். ஏன்?

தனியாக வந்ததால். வரிசையை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து முழுக் காற்றையும் நீங்கள் ஒருவரே தள்ளுகிறீர்கள். உள்ளே இருக்கிற வரிசை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உங்களைக் கடந்து போய்விடும். இடைவெளி கிடைத்தாலொழிய மறுபடி உள்ளே சேரவும் முடியாது.

பின்னால் இருப்பவர் கூட வருவாரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மைக்கில் "உள்ளே போறேன், வரீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். நீங்கள் அவருக்கு முன்பு உதவியிருந்தால் அவர் வருவார். முன்பு இரண்டு முறை அவரை அம்போவென்று விட்டிருந்தால் வர மாட்டார். ஓவலில் இது சுற்றுக்குச் சுற்று நினைவில் வைக்கப்படும் கணக்கு. அதே ஆட்களோடு அடுத்த வாரமும் ஆடப்போகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

வெளியே மாட்டிக்கொண்டவர் உள்ளே வர இடம் கேட்டால், பந்தயத்தின் முதல் பாதியில் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒரு இடம் போகும், ஆனால் அடுத்த அரை மணி நேரம் உங்களோடு சேர்ந்து ஓட ஓர் ஆள் கிடைக்கும். கடைசி ஐந்து சுற்றில் யாரும் கொடுக்க மாட்டார்கள். அதில் வருத்தப்படவும் ஒன்றுமில்லை.

சைடு டிராஃப்ட் செய்வது அழுகுணி ஆட்டமா?

இல்லை. பக்கத்து வரிசையில் இருப்பவரின் பின்சக்கரப் பகுதிக்கு அருகே உங்கள் மூக்கைக் கொண்டுபோனால், உங்கள் முன்பக்கம் அழுந்திய காற்று அவர் ஸ்பாய்லர் பக்கம் போய் அவர் வேகத்தைக் குறைக்கும். நீங்கள் கொஞ்சம் முன்னேறுவீர்கள். அப்புறம் அவரும் அதையே உங்களுக்குச் செய்வார். நிஜப் பந்தயத்தில் சில அங்குல தூரத்தில் செய்வார்கள். ஆன்லைனில் ஒரு கதவு அகலமாவது விட்டுச் செய்யுங்கள். காரணம் பிங், அதாவது உங்கள் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் இடையே தகவல் போய்வர ஆகும் நேரம். அதை அடுத்து விரிவாகச் சொல்கிறேன்.

எனக்கு பிங் 250 காட்டுகிறது. அமெரிக்க சர்வரில் நான் ஓவல் ஆடலாமா?

ஆடலாம். ஆனால் அந்த எண் என்ன சொல்கிறது என்று தெரிந்து ஆட வேண்டும்.

மணிக்கு 300 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 83 மீட்டர். 250 மில்லி செகண்டில் கார் சுமார் 21 மீட்டர் போய்விடும். ஒரு ஸ்டாக் கார் ஏறக்குறைய 5 மீட்டர் நீளம். ஆக நான்கு கார் நீளம். இவ்வளவு தாமதத்தை வைத்துக்கொண்டு ஒட்டி ஓட முடிவது எப்படி? ஆட்டம் ஊகிக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் உங்கள் கார் மட்டுமே நிஜம். மற்ற எல்லாக் கார்களும், கடைசியாக வந்த தகவலின்படி இந்த வேகத்தில், இந்தத் திசையில் போனால் இப்போது எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு வரைந்தவை. அவர்கள் திரையில் உங்கள் காரும் அப்படித்தான்.

சீராக ஓட்டினால் இந்தக் கணிப்பு கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். திடீரென்று ஸ்டியரிங்கை வெட்டினாலோ பிரேக் போட்டாலோ கணிப்பு தவறும். அவர் திரையில் உங்கள் கார் ஒரு கணம் பழைய இடத்திலேயே போய்க்கொண்டிருந்து, அப்புறம் புதிய இடத்துக்குத் தாவும். அங்கே அவர் இருந்தால் மோதல். உங்கள் திரையில் ஒரு அடி இடைவெளி தெரிந்திருக்கும், "நான் தொடவே இல்லை" என்று நீங்கள் சத்தியம் செய்யலாம். அவர் திரையில் தொட்டது உண்மை.

அதனால்தான் நம் கரையிலிருந்து ஆடுகிறவர்களுக்கு நான் மற்றவர்களைவிடக் கடுமையாகச் சொல்வது இது: எந்த அசைவையும் மெதுவாகச் செய்யுங்கள். வரிசை மாற ஒரு நேர்ப்பாதையின் நீளத்தில் நல்ல பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் இன்னொரு அடி கூடுதலாக விடுங்கள். பக்கத்து நாட்டு சர்வரோ நம் ஊர்ப் பையன்கள் சேர்ந்து ஆடும் தனிப் பந்தயமோ கிடைத்தால் அங்கே முதலில் பழகுங்கள்.

பிங் எண்ணைவிட அது நிலையாக இருப்பதுதான் பெரிது. 250-இலேயே நிற்கும் இணைப்பு, 80-க்கும் 400-க்கும் குதிக்கும் இணைப்பைவிட எவ்வளவோ மேல். வைஃபையை விட்டுவிட்டு ரூட்டரிலிருந்து லேன் கேபிள் இழுங்கள். அமெரிக்காவில் கோடைக்கால இரவு 9 மணி என்றால் கிழக்குக் கரை நேரப்படி நமக்கு மறுநாள் காலை 6.30. வீட்டில் மற்றவர்கள் எழுந்து போனில் வீடியோ பார்க்கத் தொடங்கும் நேரம். பந்தயம் முடியும் வரை பெரிய டவுன்லோடு எதுவும் வேண்டாம் என்று அம்மாவிடமும் தங்கையிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.

முந்தும்போது எது என் இடம், எது அவர் இடம்?

ஓவலில் எப்போதும் இடப்பக்கம்தான் திரும்புகிறோம். உள்ளே என்றால் இடது, வெளியே என்றால் வலது. தடம் சாய்ந்திருப்பதால் உள்பக்கத்தைக் கீழே என்றும் வெளிப்பக்கத்தை மேலே என்றும் சொல்வோம். நம் ரோட்டில் வலப்பக்கமாக முந்திப் பழகியவர்களுக்கு முதலில் இது கொஞ்சம் இடறும்.

பக்கத்தில் இருப்பவரின் காரோடு உங்கள் கார் கொஞ்சமாவது சேர்ந்து நின்றால், அதாவது உங்கள் மூக்கு அவர் பின்சக்கரத்தை எட்டியிருந்தால், அங்கே ஒரு கார் இருக்கிறது என்பதை அவர் மதிக்க வேண்டும். கீழே இறங்கி வந்து கதவை அடைக்கக் கூடாது. அதே சமயம் மூக்கை நீட்டியவரும் வளைவு தொடங்கும் முன் அந்த இடத்தை எட்டியிருக்க வேண்டும். வளைவின் பாதியில் திடீரென்று உள்ளே புகுந்து "நான் அங்கே இருந்தேனே" என்று சொல்வது எடுபடாது. உள்ளே போனவர் தன் வரிசையிலேயே இருந்து வெளியே வர வேண்டும். வேகம் தாங்காமல் மேலே நழுவி மற்றவரைச் சுவரில் அழுத்தினால் தப்பு உள்ளே போனவருடையது.

முந்தி முடித்த பிறகு அவருக்கு முன்னால் வர அவசரப்படாதீர்கள். பக்கத்தில் கார் இருக்கிறதா என்று காதில் சொல்லும் ஸ்பாட்டர் "கிளியர்" (பக்கத்தில் யாரும் இல்லை) என்று சொல்லும் வரை காத்திருங்கள். ஆன்லைனில் ஸ்பாட்டர் சொன்ன பிறகும் ஒரு மூச்சு விட்டு நகர்வது நல்லது, ஸ்பாட்டரும் ஊகத்தில்தான் பேசுகிறார்.

மூன்று வரிசையாகப் போவது பெரிய தடங்களில் சகஜம். ஆனால் மூன்றாவது வரிசையை உருவாக்குபவர் நடுவில் இருப்பவரின் நிலையை யோசிக்க வேண்டும். அவருக்கு இரு பக்கமும் கார். பின்பக்கம் காற்று இல்லை. தப்பிக்க வழியும் இல்லை. முதல் பத்துச் சுற்றில் யாரையும் அந்த நிலைக்குத் தள்ள எந்தக் காரணமும் இல்லை.

பிளாக் செய்வது?

தன் இடத்தைக் காப்பதும் பந்தயத்தின் ஒரு பகுதிதான். பின்னால் வருபவர் திசை மாறுவதற்கு முன்பே நீங்கள் நகர்ந்து வரிசையைத் தேர்ந்தெடுத்தால் அது தற்காப்பு. அவர் நகர்ந்ததைக் கண்ணாடியில் பார்த்து அதற்கு எதிர்வினையாக நகர்ந்தால் பிளாக். இரண்டாவது வகை, தாமதத்தோடு சேர்ந்தால், கிட்டத்தட்ட எப்போதும் பெரிய விபத்தில் முடியும். முன்னணியில் ஓடும்போது ஒரு நேர்ப்பாதையில் ஒரு நகர்வு, அதோடு நிறுத்துங்கள். பத்தாவது இடத்தில் ஓடிக்கொண்டு பிளாக் செய்வதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. உங்களுக்குக் கிடைப்பது ஒரு இடம், பின்னால் முப்பது பேருடைய மாலை வீணாகும்.

மஞ்சள் கோட்டுக்குக் கீழே போய் முந்தலாமா?

நாஸ்காரில் 2001 முதல் டேடோனா, டல்லடேகாவில் உள்பக்க மஞ்சள் கோட்டுக்குக் கீழே போய் இடம் பிடிக்கக் கூடாது. 2008-இல் டல்லடேகாவில் ரீகன் ஸ்மித் முதலில் முடிவுக் கோட்டைத் தாண்டினார். ஆனால் மஞ்சள் கோட்டுக்குக் கீழே போய் முந்தினார் என்று வெற்றியை டோனி ஸ்டூவர்ட்டுக்குக் கொடுத்தார்கள். ஆன்லைனில் இது லீக்குக்கு லீக் மாறும், ஆடும் முன் விதிகளைப் படியுங்கள். விதி இல்லாவிட்டாலும் கீழே போவது ஆபத்து. அங்கே தரை தட்டையானது, அதிலிருந்து செங்குத்தான சாய்வில் மறுபடி ஏறும்போது கார் உதறி நேரே மேல் வரிசைக்குள் பாயும்.

வேகமானவர் பின்னால் வந்துவிட்டால் விட்டுவிட வேண்டுமா?

1.5 மைல் தடங்களிலும் சிறிய தடங்களிலும் டயர் தேய்மானம்தான் எல்லாம். புது டயரோடு வருபவரைப் பழைய டயரில் தடுத்து நிறுத்தினால் இருவரும் சேர்ந்து நேரம் இழப்பீர்கள், முன்னால் போகிறவர்கள் தப்பிவிடுவார்கள். பந்தயத்தின் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். பின்னால் அவர் டயர் தேயும்போது நீங்கள் திரும்பிப் பிடிக்கலாம், அப்போது அவரும் விடுவார்.

நீங்கள் ஒரு சுற்று பின்தங்கியவர் என்றால் கதை வேறு. முன்னணியில் இருப்பவர் வரும்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே, உங்கள் வரிசையிலேயே அசையாமல் இருப்பது. இடம் விடுகிறேன் என்று கடைசி நொடியில் நகர்ந்து அவர் போகவிருந்த பக்கத்துக்கே போய்விடுகிறவர்கள் நிறைய. எந்தப் பக்கம் போவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஒருமுறையாவது மைக்கில் "நான் மேலே இருக்கேன்" என்று சொன்னால் அவருக்குப் பெரிய உதவி.

எல்லோ விழுந்தால்? ரீஸ்டார்ட்டில்?

எல்லோ, அதாவது விபத்து நடந்தால் காட்டும் மஞ்சள் கொடி, விழுந்ததும் இடம் பிடிப்பது முடிந்தது. நாஸ்காரிலும் மஞ்சள் கொடிக்குப் பிறகும் முடிவுக் கோட்டை நோக்கி ஓடிப் போட்டியிடும் பழைய வழக்கத்தை 2003-இல் நிறுத்திவிட்டார்கள். வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள், பின்னால் வருபவர் இன்னும் முழு வேகத்தில் இருக்கலாம்.

மஞ்சள் முடிந்து பந்தயம் மறுபடி தொடங்கும் ரீஸ்டார்ட்டில் முதல் கார்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். கோட்டைத் தாண்டும் வரை வரிசை மாறக் கூடாது. முன்னவர் கிளம்பிவிட்டார் என்று ஊகித்து முன்கூட்டியே மிதித்தால் அவர் முதுகில்தான் போய் விழுவீர்கள். கியர் மாற்றத்தில் யாராவது தடுமாறுவார்கள் என்று எதிர்பார்த்தே இருங்கள்.

பிட்டுக்குப் போகும்போது?

டயர் மாற்றவோ எரிபொருள் நிரப்பவோ பிட்டுக்குள் போவதை ஒரு சுற்று முன்பே சொல்லிவிடுங்கள், "இந்தச் சுற்று பிட்". மூன்றாவது வளைவுக்கு முன்பே உள்வரிசைக்கு வந்துவிடுங்கள். பேக்கின் (ஒட்டி ஓடும் கார்க் கூட்டத்தின்) நடுவில் மேல் வரிசையிலிருந்து பிட் வாசலுக்குப் பாய்வது அனேகமாக ஓவலின் மிகப் பெரிய குற்றம். வெளியே வரும்போது உள்பக்கத் தட்டையிலேயே இருந்து, இரண்டாம் வளைவைத் தாண்டி எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் வேகம் பிடித்த பிறகு மேலே ஏறுங்கள்.

மார்ட்டின்ஸ்வில் மாதிரிச் சிறிய தடத்தில் இதெல்லாம் பொருந்துமா?

டிராஃப்ட் அங்கே பெரிதில்லை. ஒரு சுற்று 0.526 மைல், சுமார் 850 மீட்டர்தான். பிரேக் தான் அங்கே ராஜா. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில் முதல் பந்தயம் ஓட்டியது இங்கேதான். அந்த ஆண்டு அந்தத் தொடரின் ரசிகர்கள் அவரை மிகவும் பிடித்த ஓட்டுநராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இங்கே முன்னவரின் பின்பம்பரை லேசாகத் தட்டி, அவர் கொஞ்சம் மேலே விலகும்போது கீழே போய் முந்துவது பழைய வழக்கம். தட்டு வாங்கியவர் சுழன்றுவிடாமல் தொடர்ந்து ஓட முடிந்தால் ஏற்றுக்கொள்வார்கள். சுழன்றுவிட்டால் ஏற்க மாட்டார்கள். அந்த எல்லையைத் துல்லியமாகத் தட்டும் கை வரும் வரை முயல வேண்டாம் என்பதே என் யோசனை.

2022 அக்டோபர் 30 அன்று ராஸ் சேஸ்டெயின் இதே தடத்தில் கடைசிச் சுற்றில் வெளிச்சுவரில் காரைச் சாய்த்து, காலை எடுக்காமல் முழு வேகத்தில் போய் ஐந்து கார்களை முந்தினார். சிறுவயதில் கேம்கியூபில் ஆடிய நாஸ்கார் ஆட்டத்தில் பழகியது என்று அவரே சொன்னார். அடுத்த ஆண்டு முதல் இதற்குத் தண்டனை உண்டு என்று நாஸ்கார் அறிவித்துவிட்டது. ஆன்லைனில் அதைச் செய்து பார்ப்பவர்களை யாரும் மதிப்பதில்லை.

மைக்கில் எப்படிப் பேசுவது?

குறைவாக. நம்மவர்களுக்குள் ஆடும்போது "அண்ணா உள்ளே", "தம்பி, வெளியே கார்", "கிளியர்" போன்ற சின்னச் சொற்கள் போதும். "வெளியே" என்று மட்டும் சொன்னால், நீங்கள் வெளியே இருக்கிறீர்களா, அவரை வெளியே போகச் சொல்கிறீர்களா என்று புரியாது. "வெளியே இருக்கேன்" என்று முடியுங்கள். வெளிநாட்டவரோடு ஆடும்போது இன்சைட், அவுட்சைட், கிளியர், பிட்டிங் ஆகிய நான்கு சொல் இருந்தால் சமாளிக்கலாம். வளைவின் நடுவில் யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள். கோபம் வந்தால் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள்.

விபத்து நடந்துவிட்டது. அப்போது?

சுழலத் தொடங்கிவிட்டால் பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடியுங்கள். கார் போகும் திசையை மற்றவர்கள் கணிக்க முடியும். ஆக்ஸிலரேட்டர் போட்டு மீளப் பார்த்து மறுபடி தடத்தின் குறுக்கே வருகிறவர்களால்தான் சின்னச் சுழல் பெரிய குவியலாகிறது. பின்னால் வருபவர்கள் எல்லோரும் கடந்த பிறகு திரும்புங்கள்.

ஐரேசிங்கில் ஓவல் காரில் லேசான உரசலுக்குத் தப்புப் புள்ளி கிடையாது, பலமான மோதலுக்கு 4 தப்புப் புள்ளி. இரு தரப்புக்கும் விழும், யார் தப்பு என்று ஆட்டம் பார்ப்பதில்லை. இதில் கோபப்பட்டுப் பயனில்லை. தப்பு உங்களுடையது என்றால் "சாரி, என் தப்பு" என்று அந்தப் பந்தயம் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். விளக்கம் வேண்டாம். அடுத்தவர் வேண்டுமென்றே இடித்ததாக நினைத்தால் ரீப்ளேயைச் சேமித்து, அவர் கார் பார்வையிலிருந்தும் ஒருமுறை பாருங்கள். பிங் விஷயத்தைப் படித்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். அப்புறமும் சந்தேகம் இல்லையென்றால் முறைப்படி புகார் கொடுங்கள். பழிவாங்கத் திருப்பி இடிப்பது எந்த நிலையிலும் சரியல்ல. அதற்குத் தடை விதிப்பார்கள், விதிக்கவும் வேண்டும்.

கரண்ட் போய்விட்டால், மழை வந்துவிட்டால்?

தானேயும் ஃபெஞ்சலும் கரையேறிய பகுதி நம்முடையது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதை யோசிக்காமல் ஆட முடியாது. கம்ப்யூட்டருக்கு மட்டும் யூபிஎஸ் வைத்தால் போதாது, ரூட்டரையும் அதில் சேருங்கள். ஒரு நொடி மின்சாரம் விட்டு வந்தாலும் ரூட்டர் எழுந்திருக்க ஓரிரு நிமிடம் ஆகும்.

இடி இடித்துக்கொண்டிருந்தால் பந்தயத்தில் சேராதீர்கள். நடுவில் இணைப்பு விட்டு விட்டு வந்தால், உங்கள் கார் மற்றவர்கள் திரையில் மறைந்து மறைந்து தோன்றும். உங்களை நம்பி யாராலும் பக்கத்தில் ஓட முடியாது. மைக்கில் சொல்லிவிட்டு, வரிசையை விட்டு விலகி, பேக்கின் கடைசிக்குப் போங்கள். சரியாகவில்லை என்றால் பிட்டுக்குள் போய் நிறுத்துங்கள். முதலிடத்தில் ஓடினாலும் இதுவே.

கடைசிச் சுற்றில் எல்லா மரியாதையும் போய்விடுமா?

கொஞ்சம் தளரும். யாரும் யாருக்கும் இடம் விட மாட்டார்கள், கூட்டாளியே உங்களை விட்டுப் பக்கத்து வரிசைக்குப் போவார். அது நியாயம், நீங்களும் போகலாம். பக்கத்தில் கார் இருக்கும்போது அடைப்பதும், வளைவில் தள்ளுவதும் கடைசிச் சுற்றிலும் நியாயமாகாது.

நான்காம் வளைவிலிருந்து கோடு வரை நேராகப் பிடித்துக்கொண்டு ஓட்டுங்கள். கோட்டைத் தாண்டியதும் பிரேக் போடாதீர்கள். உங்களுக்குப் பின்னால் இருபது பேர் இன்னும் பதினைந்தாவது, பதினாறாவது இடத்துக்கு முழு வேகத்தில் மோதிக்கொண்டு வருகிறார்கள். காலை மெல்ல எடுத்து, அதே வரிசையிலேயே முதல் வளைவு வரை போய், கூட்டம் கலைந்த பிறகு கீழே இறங்குங்கள். உங்களைத் தள்ளிக் கொண்டுவந்தவர் யாரோ அவருக்கு அப்போது மைக்கில் நன்றி சொல்லலாம்.